நண்டுத்திட்டுக்கு வந்த சீர்

தீவுகளைக் கண்டுபிடித்தவர்களை உலகம் அறியும். தீவுகளைப் பிடித்தவர்களையும், அவற்றை விற்றுத் தின்றவர்களையும் அறியும். ஆனால் ஒரு தீவுக்குச் சம்பந்தம் பேசி, கடல் கடந்து சீர் கொண்டுவந்து இறக்கிய பெருமை மனித குலத்தில் ஒரே ஓர் அமைப்புக்குத்தான் உண்டு. அது புதுச்சேரி ‘தீவு நல்லுறவு அமிக்கால்’. அமிக்கால் என்றால் சங்கம்தான். சங்கம் என்று சொன்னால் சந்தா கேட்பார்கள் என்று ஜனங்கள் ஓடுகிறார்கள். அமிக்கால் என்றால் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு ஓடுகிறார்கள். அதன் செயலாளரும், அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளரும் அடியேன்தான் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் தலைவர் முசே ஜூல் பக்கிரி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள்; ‘முசே’ என்பது ஐயா. சொல்தாவுக்குப் பென்ஷன் மாதா மாதம் தவறாமல் வந்துவிடும். பொழுதுதான் போகாது. உலகத்தின் பல பெரிய காரியங்கள் இந்த நிலைமையில்தான் தொடங்கியிருக்கின்றன.

பட்டாளத்தில் இருந்தபோது அவர் பசிபிக் கடலில் ஒரு பிரெஞ்சுத் தீவில் கொஞ்ச காலம் காவல் காத்திருக்கிறார். எதை, யாரிடமிருந்து என்று நாங்கள் கேட்டதில்லை. சுனாமிக்கு அடுத்த வருடம் பழைய தோழர்களைப் பார்க்க அங்கே போனவர், ஒரு யோசனையோடும் ஒரு கனத்த பெட்டியோடும் திரும்பி வந்தார். சாரம் பகுதியில் அவர் வீட்டு மாடியில் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“ஊருக்கு ஊர் பிரான்ஸ்ல ஒரு ஊரைப் புடிச்சி ‘இரட்டை ஊர்’னு போர்டு மாட்டிக்கிறான். நமக்கு ஒரு இரட்டைத் தீவு வேணாமா?” என்றார்.

“வேணும்தான் முசே. ஆனா நம்மகிட்ட தீவு இல்லையே?” என்றார் துணைத் தலைவர் மதாம் அன்னா. அவர் ஒரு சொல்தாவின் விதவை. எதையும் நேராகக் கேட்டுவிடுகிற கெட்ட பழக்கம் அப்போது அவரிடம் இருந்தது.

“அலோர், அப்ப கண்டுபுடிப்போம்” என்றார் தலைவர்.

கண்டுபிடித்தோம். ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு திட்டு இருந்தது. சுற்றிலும் சுரபுன்னை மரங்கள் சேற்றில் காலை ஊன்றி நிற்கும். நடுவே கொஞ்சம் மணல். வேர்களுக்கு அடியில் பொந்து பொந்தாக நண்டு. எதிர்க்கரைக் குப்பத்துக்காரர்கள் அதை ‘நண்டுத்திட்டு’ என்று சொல்லிவந்தார்கள். சுனாமி வந்த அன்று அது குறுக்கே நின்றதால் பின்னாலிருந்த குப்பத்தில் பல வீடுகள் தப்பின. ஆனால் பாருங்கள், அத்தனை வருடமாக அது தீவு என்ற தகுதி இல்லாமலே, எந்தச் சான்றிதழும் வாங்காமலே இருந்துவந்திருக்கிறது. நாங்கள் அதற்குச் ‘சகோதரத்துவத் தீவு’ என்று பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர் வைத்தோம். நண்டுகளுக்குத் தகவல் தரப்படவில்லை.

அந்தக் குப்பத்தைச் சேர்ந்தவர் பூவாயி. சாரத்தில் தெருத் தெருவாக நண்டு விற்பவர். என் வீட்டுக்கும் அவர்தான் கொடுப்பார். நீரிறங்கும் நேரத்தில் திட்டுக்குப் போய், வளைந்த கம்பியைப் பொந்துக்குள் விட்டு நண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு வருவார். விற்காத மீனை அந்த மணலில் காயவைத்துக் கருவாடாக்குவார். புருஷன் கடலோடு போனபின் அவர் வீட்டு அடுப்பு அந்தத் திட்டை நம்பித்தான் எரிந்தது. என் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பும் அப்படித்தான்.

சம்பந்தம் பேசி முடித்தபின் சீர் வர வேண்டுமே? அது தலைவரின் பெட்டிக்குள் ஏற்கெனவே வந்திருந்தது. ஈரத் துண்டில் சுற்றி, ஒயின் அட்டைப்பெட்டியில் வைத்த ஒரு கொடி. இதய வடிவ இலை, கை நீளத்துக்கு ஒரு கணு. சென்னை விமான நிலையத்தில் கேட்டார்களாம். “குடும்ப மூலிகை” என்றாராம். அந்தத் தீவின் நகராட்சியில் போய் இந்தக் கொடி கொஞ்சம் கிடைக்குமா என்று அவர் கேட்டபோது அங்கிருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று, “எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி வேண்டுமா?” என்றார்களாம். அப்படிப்பட்ட தாராள மனசு நம் நகராட்சிகளில் எங்கே இருக்கிறது?

கொடியின் பயன்களோ சொல்லி மாளாது. மணல் அரிப்பைத் தடுக்கும். ஆடு தின்னும். இலையை அரைத்துக் கட்டினால் கட்டி பழுக்கும். வெள்ளைப் பூ பூக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம். “வேற எதுவுமே வேணாம்னு சொல்லுங்க” என்றார் மதாம் அன்னா. அவர் பாராட்டாகச் சொன்னார். பின்னால் அதுவே நடந்தது.

பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி, காலையில் போர் வீரர் நினைவுத் தூணுக்கு மலர் வளையம் வைத்துவிட்டு, மெடல்களைக் கழற்றாமலே எல்லாரும் படகேறிப் போய்க் கொடியை நட்டோம். தேசிய கீதங்கள் இரண்டும் பாடப்பட்டன. பூவாயி படகு ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“என்னா முசே இது?”

“உங்க திட்டுக்குச் சீர் வந்திருக்கும்மா” என்றார் தலைவர்.

“சீரா? எந்தச் சம்பந்தி வூட்லேருந்து?” என்று சிரித்தார். பூ நன்றாக இருந்தால் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினார். சொல்லப்போனால் கொடிக்கு முதலில் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். வரலாறு இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கொடியின் உழைப்பைப் பற்றி நான் ஒரு தனி நூலே எழுதலாம். எங்கள் ஊரில் மத்தியானம் ஆனால் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போவார்கள். கொடி போகவில்லை. அரசு விடுமுறை, உள்ளூர் விடுமுறை, மாசி மகம் எதுவும் அது எடுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்குள் மணல் முழுதும் மூடிவிட்டது. பொங்கலுக்குள் சுரபுன்னையின் இடுப்பைப் பிடித்தது. ‘கொடியைத் தொடாதீர், மீறினால் தண்டனை’ என்று மூன்று மொழிகளில் நாங்கள் வைத்த பலகையையும் மூடிவிட்டது. தன் வேலை நடக்கும்போது குறுக்கே யார் நின்றாலும் அது தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை.

அடுத்த கோடையில் பூவாயி நண்டுக் கூடை இல்லாமல் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். கூட வந்த குப்பத்துப் பெண்கள் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

“கருவாடு காய வைக்க எடமில்ல முசே. மணலே தெரியல. கொடி இப்போ மரத்து மேலயும் ஏறிடுச்சி.”

“ஏறட்டுமே. வளர்ச்சின்னா ஏறுறதுதானே?” என்றார் தலைவர்.

“மரம் பழுத்துப் போவுது முசே. கீழ வெளிச்சமே இல்ல. பொந்துல நண்டு கொறஞ்சி போச்சி. கம்பிய வுட்டா கொடிதான் வருது. நாங்க பொம்பளைங்கல்லாம் சேர்ந்து ஒரு வாரத்துல புடுங்கிப் போட்டுட்றோம். நீங்க ஊம்னா போதும்.”

அவையில் சலசலப்பு. சம்பந்தி வீட்டுச் சீரைப் பிடுங்கி எறிவதா? நாளைக்கு அந்தத் தீவுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? தலைவரின் முகம் சிவந்தது. அந்த முகம் சிவந்தால் பழைய பட்டாளமே அட்டென்ஷனில் நிற்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் நல்லவேளையாக அப்போதுதான் அந்தத் தீவிலிருந்து ஒரு பிரதிநிதி வரப்போகிற தகவல் கிடைத்திருந்தது. பெயர் மத்முவாசேல் மொர்கான். வயதில் சின்னப் பெண், ஆனால் அரசாங்க அதிகாரி. அவர் வேலை செய்கிற இடம் எதுவென்று தெரிந்ததும் நாங்கள் பூரித்துப்போனோம். அந்தத் தீவில் இந்தக் கொடிக்கென்றே தனியாக ஓர் இலாகா இருக்கிறதாம்! ஆளும் வண்டியும் வருடாந்திர ஒதுக்கீடும் உண்டாம். ஒரு கொடிக்கு இத்தனை மரியாதையா என்று மதாம் அன்னா கண் கலங்கினார். அந்த இலாகா கொடியை என்ன செய்கிறது என்று கேட்பது அநாகரிகம் என்பதால் கேட்கவில்லை.

“அவங்க வந்து பாக்கட்டும். அவங்க கொடி, அவங்க சொல்றபடி செய்வோம்” என்றார் தலைவர்.

பூவாயி யோசித்தார். “அதுவும் நாயம்தான். வளத்தவங்களுக்குத் தெரியும். அவங்க புடுங்குன்னா புடுங்குறோம், வுடுன்னா வுட்டுட்றோம். அதுக்கு மேல நாங்க ஒரு வார்த்த பேச மாட்டோம்” என்றார். குப்பத்துப் பெண்களும் ஒப்புக்கொண்டார்கள். இப்படியாக நண்டுத்திட்டின் தலையெழுத்து மத்முவாசேல் மொர்கானின் நாக்கில் வந்து நின்றது. அந்த நாக்குக்கும் குப்பத்தின் காதுக்கும் நடுவே நான் இருந்தேன்.

விழா திட்டின் மேலேயே நடந்தது. பச்சைக் கம்பளம் விரிக்கிற செலவைக் கொடியே ஏற்றுக்கொண்டிருந்தது. பந்தல் காலில் காலையிலேயே ஒரு நுனி ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு மாண்புமிகு வந்திருந்தார். அவர் எந்த இலாகா என்பது அன்று காலை வரை முடிவாகவில்லை. உறுப்பினர்கள் மெடல்களோடும் கோட்டோடும் முன்வரிசையில் அமர்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் கட்டியிருந்த படகுகளில் பூவாயியும் பெண்களும் நின்றார்கள். படகுக்குள் சாக்குக்கு அடியில் அரிவாள்கள் இருந்தன. மொர்கான் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே ஆரம்பித்துவிடத் தயாராக வந்திருந்தார்கள்.

மத்முவாசேல் மொர்கான் படகிலிருந்து இறங்கினார். பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. நாங்களும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டோம்.

பிறகு அவர் மைக் அருகே போய்ப் பிரெஞ்சில், “கடவுளே, இங்கேயுமா?” என்றார்.

நான் தமிழில், “கடவுள் அருளால் இங்கேயும் வந்துவிட்டதே என்று நெகிழ்கிறார்” என்றேன். கைதட்டல்.

மொழிபெயர்ப்பு என்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாண்புமிகு மேடையில் இருக்கும்போது, சால்வை தட்டில் இருக்கும்போது, கரையில் பிரியாணி தம்மில் இருக்கும்போது, கெட்ட செய்தியை மொழிபெயர்ப்பது எங்கள் ஊர் மரபல்ல. அதே சமயம் சொல்லாததைச் சொல்வதும் தொழில் தர்மமல்ல. இரண்டையும் காப்பாற்றியாக வேண்டும்.

மொர்கான் சொன்னார்: “எங்கள் காட்டில் பாதிக்கு மேல் இதற்குப் பலி கொடுத்துவிட்டோம். மரத்தின் மேல் ஏறி மூடி, வெயில் படாமல் கொன்றுவிடும். பறவைகள்கூடப் போய்விட்டன.”

நான் சொன்னேன்: “அவர்கள் காட்டில் பாதிக்கு மேல் இந்தக் கொடிதானாம். மரங்களின் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறதாம்.”

மாண்புமிகு ஆச்சரியத்தோடு தலையாட்டினார். “நம்ம ஊர் வெயிலுக்கு ரொம்ப அவசியமான திட்டம்” என்றார்.

மொர்கானின் குரல் உயர்ந்தது: “மழைக்கு முன்னால் வேரோடு பிடுங்குங்கள்! ஒரு கணுவைக்கூட விட்டுவைக்காதீர்கள். ஒரு கணு போதும், மறுபடி முளைத்துவிடும். மழை வந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.” சொல்லிக்கொண்டே மேடையிலிருந்து குதித்து, மண்டியிட்டு, இரண்டு கையாலும் ஒரு கொத்தை வேரோடு பிடுங்கி எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

இந்த இடத்தில் சாதாரண மொழிபெயர்ப்பாளன் தடுமாறியிருப்பான். நான் தடுமாறவில்லை. “மழை வந்தால் இதன் வளர்ச்சியை யாராலும் தடுக்க முடியாதாம். ஒரு கணு இருந்தாலே போதுமாம். ஆளுக்கொரு கொடி வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று தன் கையாலேயே பிடுங்கித் தருகிறார்!” என்றேன்.

மாண்புமிகு இறங்கி வந்து இரு கை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் அதைத் திரும்பப் பிடுங்கப் பார்த்தார். மாண்புமிகு விடவில்லை. கொடுத்ததை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது அவர்கள் ஊர் வழக்கம், உறவு கெட்டியாக இருக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான் வந்தது.

உறுப்பினர்களின் கட்டுப்பாட்டையும் நான் பதிவு செய்தாக வேண்டும். முசே ஜூல் பக்கிரி தம் மெடல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மதாம் அன்னா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தவர் விழா முடியும்வரை தேடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

எல்லாரும் பிரியாணிக்குக் கிளம்பியபோது பூவாயி என் கோட்டுக் கையைப் பிடித்தார்.

“என்னா முசே சொன்னாங்க? புடுங்கலாமா, வேணாமா?”

“மழையைப் பத்திச் சொன்னாங்கம்மா. மழைக்கு அப்புறம் யாரும் ஒண்ணும் செய்ய முடியாதுன்னாங்க.”

“அது நல்லதுக்கா, கெட்டதுக்கா?”

“அவ்ளோ பெரிய அதிகாரி சொன்னா நல்லதுக்குத்தானே இருக்கும்?”

“அப்ப ஏன் அந்தப் பொண்ணு அழுவுது?”

“சந்தோஷம்மா.”

“சந்தோஷத்துல யாரு முசே தலையில அடிச்சிக்குவாங்க?” என்றார் பூவாயி. ஆனாலும் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார். பெண்களிடம் போய்ச் சொன்னார். சாக்கை எடுக்காமலே படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்த வருடம் மழை பெய்தது. கொடி, சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. சுரபுன்னைகள் கூரை போட்ட மாதிரி மூடிப்போய் இலை உதிர்ந்து நின்றன. அடுத்த மழைக்குள் வேர் அழுகிவிட்டது. ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது மரங்கள் கொடியோடு சேர்ந்து ஒரே பாயாகச் சுருண்டு கடலுக்குப் போயின. பிடிப்பு இல்லாத மண் பின்னாலேயே போனது. ஒரு நாள் விடிந்தபோது எங்கள் இரட்டைத் தீவில் ஒன்று இல்லை. தீவு அழிந்துவிட்டது என்று சிலர் அவசரப்பட்டுப் பேசினார்கள். எங்கள் ஆண்டறிக்கையில் ‘சகோதரத்துவத் தீவு தற்போது நீர்மட்டத்துக்குக் கீழே இயங்கிவருகிறது’ என்று சரியாகக் குறிப்பிட்டிருக்கிறோம்.

திட்டு விலகி வழிவிட்டதும் கடல் நேராகக் குப்பத்துக்கு வந்தது. முன்வரிசை வீடுகள் போயின. பூவாயியின் வீடும் அதில் ஒன்று. இப்போது உழவர்கரையில் தங்கச்சி வீட்டு ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, ஒரு லாட்ஜில் ரூம் கழுவுகிறார். நண்டு இழுத்த கைக்குப் பினாயில் ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்துவிட்டது. எனக்கும் தாங்க முடியாத துக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எங்கள் வீட்டில் சாம்பார்.

ஆனால் கொடிக்கு ஒரு குறையும் இல்லை. அன்று ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்களே, அது மாண்புமிகுவின் பங்களா மதிலையும் சாரத்தின் மின்கம்பங்களையும் பிடித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது. அதை வைத்துப் பாதிக்கப்பட்ட குப்பத்துப் பெண்களுக்கு மறுவாழ்வு அளிக்க அமிக்கால் முடிவு செய்தது. கொடியில் கூடை முடையும் பயிற்சி. முடிவில் சான்றிதழ், அவரவர் முடைந்த கூடை இலவசம்.

சான்றிதழ் வழங்கும் விழாவில் பூவாயி பெயரைக் கூப்பிட்டதும் வந்து வாங்கிக்கொண்டார். கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்னா முசே போட்டு வைக்கிறது?”

“நண்டு போடலாம்மா. நல்லாக் காத்தோட்டம் இருக்கு” என்றார் தலைவர்.

பூவாயி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“முசே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி அந்தப் பொண்ணு புடுங்கச் சொல்லித்தானே அழுதுது? வேரோட புடுங்கிக் காட்டுச்சே. லாட்ஜில தர கழுவும்போதெல்லாம் அதுதான் கண்ணுல நிக்குது.”

“கேள்வி நேரம் நிகழ்ச்சி நிரலில் இல்லை” என்றார் தலைவர்.

“நான் யாரையும் கொற சொல்லல முசே” என்றார் பூவாயி. அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. “நீங்க வயசானவரு, மைக்கு சத்தத்துல காதுல சரியா வுழுந்திருக்காது. இங்க இருக்கற மத்தவங்களுக்கு அந்த பாஷ அவ்ளோவா வராது போல. வந்திருந்தா அவ்ளோ பேர்ல யாராச்சும் ஒருத்தரு வாயத் தெறந்திருக்க மாட்டீங்களா? எங்க பொழப்பு போவுதுன்னு தெரிஞ்சா கம்முனா இருந்திருப்பீங்க? பாவம், யாருக்கும் புரியாமப் போயிடுச்சி.”

அரங்கமே கொதித்தது. எத்தனையோ ஏச்சுப் பேச்சுகளைப் பொறுத்துக்கொண்ட அமைப்பு எங்களுடையது. இதைப் பொறுக்க முடியுமா? பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் சண்டை போட்டு, பிரெஞ்சில் பூசை கேட்டு, பிரெஞ்சிலேயே கனவு காண்கிற குடும்பங்களைப் பார்த்து, பாஷை தெரியாதவர்கள் என்று நண்டு விற்ற ஒரு பெண் இரக்கப்படுவதா? மதாம் அன்னாவின் முகம் சுருங்கிவிட்டது. முன்வரிசையில் மெடல்கள் நடுங்கின. மானத்தைக் காப்பாற்று என்று தலைவர் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

நான் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

“அப்படிச் சொல்லாதேம்மா” என்றேன். “எங்க எல்லாருக்குமே நல்லாப் புரிஞ்சிது.”